இருவர் மட்டும் – 9: லோசரில் இறங்கியவர்

சென்ற வாரம் அபிராமியைக் கல்பாவில் ஓர் ஆப்பிள் தோட்டத்து வேலியோரம் சிரிக்க விட்டுவிட்டு வந்தோம்.

அந்தச் சிரிப்பு அவளுக்கே புதிது. ஐம்பத்தேழு வயதில், கையில் கடித்த ஆப்பிளோடு, கணவர் சொன்ன ஏதோ ஓர் அசட்டு வார்த்தைக்குக் கண்ணில் நீர் முட்டச் சிரித்தாள். அன்று பிற்பகல் முழுவதும் தம்பி பட்டாபியின் நினைவு ஒருமுறைகூட வரவில்லை. மாலையில் அது உறைத்தபோது, யாரிடமோ திருடிவிட்டதைப் போலக் கூசினாள்.

அது வெள்ளிக்கிழமை. இன்று திங்கள். டில்லியை விட்டுக் கிளம்பி ஏழாவது நாள்.

ஸ்பிதி நதிக்கரையில், காஸாவுக்கு எட்டு கிலோமீட்டர் முன்னால் வண்டி நின்றிருந்தது. ஜெயகிருஷ்ணன் மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் வாங்கிய பழைய டெம்போ டிராவலர். கரோல் பாகில் ஆரிப்பின் பட்டறையில் எட்டு மாதம் கிடந்து, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை என்று ஒரு சின்ன வீடாகவே மாறி வந்த வண்டி. மயூர் விகார் ஃபிளாட்டின் வாசலில் அதை முதன்முதலாகக் கொண்டுவந்து நிறுத்தியபோது அவர் சொன்னது ஒரே வார்த்தைதான்.

"நாம ரெண்டு பேர் மட்டும்."

நாற்பத்தாறு வயதுப் பட்டாபி அப்போது வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வளர்ந்தது உடம்பு மட்டும். மனசு ஆறேழு வயதில் நின்றுவிட்டது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின், கல்யாணமாகி வந்த அபிராமியின் கையைப் பிடித்துக்கொண்டு டில்லிக்கு வந்தவன். முப்பத்தொரு வருஷமாக அக்காவைப் பிரிந்து ஒரு நாள் இருந்ததில்லை. இந்தப் பயணந்தான் முதல் தடவை.

"காப்பி," என்று டம்ளரை நீட்டினார் ஜெயகிருஷ்ணன். "தலைவலி எப்படி இருக்கு?"

"பரவாயில்லை. இன்னிக்காவது அவன்கிட்ட பேசணும்ங்க. மூணு நாளாச்சு."

"காஸால டவர் இருக்கும். பேசலாம்."

அவளுடைய போன் டூல் பாக்ஸுக்குள் பூட்டிக் கிடந்தது. 'பத்து நாள் போனைத் தொடாம இரு, மனுஷி ஆயிடுவே' என்று முதல் நாளே அவர் வாங்கிப் பூட்டிவிட்டார். பட்டாபியைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்த மகள் கனிமொழிக்கு மாலைதோறும் தன்னுடைய போனில் அவரே போட்டுக் கொடுப்பார். நார்க்கண்டாவில் பேசினாள். ராம்பூரில் பேசினாள். கல்பாவிலிருந்து டவர் இல்லை, டவர் இல்லை என்றுதான் பதில்.

அவர் அவளுடைய கம்பளியைச் சரிசெய்து, காதை மூடிவிட்டார். இந்த ஏழு நாளும் அப்படித்தான் நடந்துகொண்டார். ஒரு கடுஞ்சொல் இல்லை. கல்யாணமான புதிதில்கூட அவர் இத்தனை மென்மையாக இருந்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அது ஏன் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

* * *

காஸாவின் பெட்ரோல் பங்கில் நீள வரிசை. ஜெயகிருஷ்ணன் டீசலுக்காக நின்றார். காய்கறி வாங்கி வருவதாகச் சொல்லி அபிராமி கடைத்தெருவுக்குள் நடந்தாள்.

கடையில் முட்டைக்கோஸைத் திருப்பிப் பார்த்து, "எல்லாம் வாடிப் போயில்ல கெடக்கு," என்று தனக்குத்தானே முணுமுணுத்தபோது, பக்கத்தில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் ஆள் நிமிர்ந்தான்.

"அம்மா தமிழா?"

பெயர் குழந்தைசாமி. கள்ளக்குறிச்சிக்காரன். எல்லைச் சாலைப் பணியில் லாரி ஓட்டுகிறான். இரண்டு வருஷமாக இந்த மலையில்தான். இன்று மதியம் சரக்கேற்றிக்கொண்டு கோக்சார் முகாமுக்குப் போக வேண்டுமாம். தமிழ் கேட்ட சந்தோஷத்தில் அவன் முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"இங்க போன் கெடைக்குதா தம்பி?"

"நல்லாக் கெடைக்குதே. கல்பா, நாக்கோ, டாபோ, எல்லா இடத்துலயும்தான் இருக்கு. இந்தாங்க, பேசுங்க."

எல்லா இடத்திலும் இருக்கிறது. அபிராமி அதை ஒரு கணம் மனசுக்குள் புரட்டினாள். பிறகு போனை வாங்கினாள்.

அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றே ஒன்று. 'இன்னிக்கு வருவியா, மாட்டியா' என்று கேட்பதற்காகவே தினமும் அடித்து அடித்துப் பதிந்துபோன வீட்டு வேலைக்காரி ராஜாத்தியின் எண்.

"யாரு?"

"நான்தான் ராஜாத்தி. அம்மா பேசறேன்."

"எம்மா! நீங்களாம்மா? ஒங்க போனுக்கு நாலு நாளா அடிச்சு அடிச்சு என் வெரலு தேஞ்சு போச்சு. எங்கம்மா இருக்கீங்க? தம்பிய இப்புடி அனுப்பிட்டீங்களேம்மா!"

"எந்தத் தம்பிய? எங்க அனுப்பினேன்?"



"ஒங்களுக்குத் தெரியாதாம்மா?"

"சொல்லு."

"வெள்ளிக்கெழம மத்தியானம். கனி பாப்பாவும் மதன் மாப்ளையும் கார்ல வந்தாங்க. என்னைய மாவு வாங்கிட்டு வரச் சொல்லி அனுப்பிட்டாங்க. நான் திரும்பி வர்றப்ப தம்பி வண்டில ஒக்காந்திருக்காரு. புதுச் சட்ட. மடியில தலகாணி. 'ராஜாத்தி, அக்கா வரச் சொல்லுச்சு, போறேன்'னு டாட்டா காட்டுறாரும்மா. ரேவாரி பக்கமாம். அவங்கள மாதிரி ஆளுங்கள வெச்சுப் பாக்குற எடமாம்."



"அவன் ரூமு?"

"பெயிண்டு அடிச்சாச்சும்மா. ரோஸ் கலரு. இன்னிக்கு தொட்டிலுக்குக் கொக்கி மாட்ட ஆளு வந்திருக்கு."

வெள்ளிக்கிழமை மத்தியானம். ஆப்பிளைக் கடித்தபடி அவள் சிரித்த அதே மத்தியானம்.

"ராஜாத்தி, நீ அங்க போய் அவனைப் பாத்துட்டு வர்றியா?"

"அட்ரஸு வாங்கிட்டு இன்னிக்கே போறேம்மா. என் வூட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போறேன். நீங்க வந்துருங்கம்மா."

குழந்தைசாமி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை. போனை வாங்கிக்கொண்டு, கடைக்காரரிடம் தண்ணீர் கேட்டு அவளுக்குக் கொடுத்தான். அவள் ஒரு வாய் குடித்தாள். முட்டைக்கோஸையும் வாங்கிக்கொண்டாள். வாங்காமல் திரும்பினால் அவர் ஏன் என்று கேட்பார்.

* * *

டீசல் போட்டாயிற்று. வண்டி ஓரமாக நின்றது.

"இப்ப பேசலாமா?" என்றாள் அபிராமி.

"ஓ, தாராளமா." ஜெயகிருஷ்ணன் மகளுக்குப் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார்.

கனிமொழிக்கு ஏழாம் மாதம். டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். குரல் எப்போதும் போல உற்சாகமாக வந்தது.

"ஹாய் மா! கைஸி ஹோ? செம குளிராமே?"

"பட்டாபி எங்கடி?"

"மாமாவா? இப்பதான் மதர் டெய்ரிக்குப் போனார் மா. பால் வாங்க."

"பத்து மணிக்கா?"

"லேட்டா எழுந்தார் மா. நைட்டு பூரா டீவி. உன்னைப் பத்திக் கேக்கவே இல்லை, ஜாலியா இருக்கார். நீ டென்ஷன் ஆகாம எஞ்ஜாய் பண்ணு."

அபிராமி கணவரைப் பார்த்தாள். பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக் கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை. மகள் அங்கே நாடகம் ஆட, இவர் இங்கே காப்பி ஊற்றுகிறார். எத்தனை முறை ஒத்திகை பார்த்திருப்பார்கள்?

போனுக்குள் எங்கோ சுவரைத் துளைக்கும் மெஷின் சத்தம் கேட்டது.

"கனி, ரோஸ் கலர் நல்லா வந்திருக்கா?"

மெஷின் சத்தம் மட்டும். பிறகு, தாழ்ந்த குரலில், இந்தியில், அப்பாவிடம்: "பப்பா, ஆப்னே பதா தியா?"

"நான் ஒண்ணும் சொல்லலை," என்றார் ஜெயகிருஷ்ணன் நிதானமாக. "யாரோ சொல்லியிருக்காங்க. பரவாயில்லை. எப்படியும் தெரியத்தான் போகுது."

"அம்மா, ப்ராக்டிக்கலா யோசி. குழந்தை வரப் போறது. மதனோட அம்மா ஸ்ட்ரெய்ட்டா சொல்லிட்டாங்க, மாமா இருக்கற வீட்டுக்கு பிரசவத்துக்கு அனுப்ப மாட்டேன்னு. போன மாசம் என் வயித்துல கையை வெச்சுட்டு எடுக்கவே மாட்டேன்னுட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"பாப்பா உதைக்குதான்னு பாத்தாண்டி."

"எனக்கு பயமா இருந்தது மா!"

"லக்ஷ்மிபாய் நகர் ஸ்கூலுக்கு தினம் உன் வாட்டர் பாட்டிலைத் தூக்கிட்டு வந்தவன்டி அவன். மழை பெஞ்சா குடையை உனக்குப் பிடிச்சுட்டு அவன் நனைஞ்சுட்டு வருவான். அவனைப் பாத்தா பயமா இருக்கா உனக்கு?"

"வந்தார். ஆமா, தினம் வந்தார்." கனிமொழியின் குரல் உடைந்து கடினமானது. "அவர் யார்னு ஃபிரண்ட்ஸ் கேட்டா என்ன சொல்வேன் தெரியுமா? எங்க வீட்டு வேலைக்காரர்னு சொல்வேன். அஞ்சாவது வரைக்கும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன். எனக்கும் ஒரு அம்மா இருந்தா மா. ஆனா அவ எப்பவும் அவரோட அக்காவாவே இருந்தா."

மகள் அழுகிறாளா, மூச்சு வாங்குகிறாளா என்று தெரியவில்லை. போன் அடங்கிவிட்டது.

"ஹோமுக்குப் போட்டுத் தர்றேன், பேசிடு," என்றார் ஜெயகிருஷ்ணன், பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துத் தருகிறவர்போல. "பேசினா உனக்கே சமாதானம் ஆயிடும்."

அந்த இல்லத்தில் ஒரு பெண்மணி எடுத்தாள். முதல் மாதம் சொந்தக்காரர்கள் பேசக்கூடாது என்பது விதி, காப்பாளர் நீங்கள் என்பதால் இரண்டு நிமிஷம் தருகிறேன் என்று இந்தியில் சொன்னாள். காத்திருக்கும்போது யாரோ இரும்புக் கட்டிலை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா?"

"பட்டாபி! நான்தாண்டா."

"அக்கா, கப்பை நான்தான் ஒடச்சேன்."

"எந்தக் கப்புடா?"

"பூனை போட்ட கப்பு. கை வழுக்கிடுச்சு. பேப்பர்ல சுத்தி கட்டிலுக்கு அடியில வெச்சுட்டேன். ஒன்கிட்ட சொல்லலை. அதுக்குத்தானே அனுப்பினே? இனிமே ஒடைக்க மாட்டேன் அக்கா. இங்க கூட ஒண்ணும் ஒடைக்கலை. இவங்களைக் கேட்டுப் பாரு."

அந்தக் கப்பு உடைந்ததே அவளுக்குத் தெரியாது. மூன்று நாளாக அவன் அங்கே உட்கார்ந்து, தான் செய்த குற்றம் என்னவென்று தேடித் தேடி, கடைசியில் இதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறான்.

"நான் அனுப்பலைடா. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"இப்பவா?"

"தூரத்துல இருக்கேன்டா. வந்துடறேன்."

"தூங்கி எழுந்தா வருவியா?"

காஸாவிலிருந்து டில்லிக்கு எந்தப் பக்கம் போனாலும் இரண்டு நாள். அவள் வாய் திறப்பதற்குள் அந்தப் பெண்மணி போனை வாங்கிவிட்டாள். "மேடம், வியாழக்கிழமை மாவட்ட அலுவலகத்தில் உங்கள் மகள் காப்பாளர் ஆகிறார். உங்கள் சம்மதக் கடிதம் வந்துவிட்டது. அதற்கு அப்புறம் எதுவானாலும் மகளைத்தான் கேட்க வேண்டும். நமஸ்தே."

* * *

"என் சம்மதக் கடிதமா?"

"உன் கையெழுத்துதான்." ஜெயகிருஷ்ணன் சீட் பெல்ட்டை மாட்டினார். "கிளம்பறதுக்கு முன்னாடி இன்ஷூரன்ஸ், அது இதுன்னு பதினாலு பேப்பர் வெச்சேன். ஒண்ணையாவது படிச்சியா? உனக்கு உடம்பு முடியலை, தம்பியைப் பாத்துக்க முடியலைன்னு எழுதியிருந்தது. ரெண்டு வரிதான். படிச்சிருக்கலாம்."

"நீங்க குடுத்ததை நான் படிச்சதே இல்லைங்க."

"அது என் தப்பா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. அலுவலகத்தில் ஒரு கோப்பை முடித்து மேலே அனுப்புகிறவரின் நிதானம். அந்த நிதானத்தை அவள் முப்பத்தொரு வருஷமாகப் பொறுமை என்று நினைத்திருந்தாள்.

"நம்ம ஹனிமூனுக்கு ஊட்டிக்கு மூணு டிக்கெட் எடுத்தேன். ஞாபகம் இருக்கா? நடுவில அவன் படுத்துக்கிட்டான். நான் ஏதாவது சொன்னேனா?"

"சொல்லலை."

"எனக்கு பம்பாய் போஸ்டிங் வந்தது, ப்ரமோஷனோட. அவன் டில்லி விட்டு வர மாட்டான்னு நீ அழுதே. விட்டேன். சொன்னேனா?"

"இல்லை."

"எனக்கு அறுபத்தொண்ணு ஆச்சு அபி. நெஞ்சில ஸ்டென்ட் இருக்கு. மிச்சம் இருக்கறதையாவது எனக்குக் குடுன்னு கேட்டா நீ குடுப்பியா? மாட்டே. அதனால கேக்காம எடுத்துக்கிட்டேன்."

அதில் உண்மை இருந்தது. அதுதான் அவளை அறைந்தது. கேட்டிருந்தால் அவள் கொடுத்திருக்கமாட்டாள்.

"வண்டியைத் திருப்புங்க."

"திருப்பி? நாக்கோ பக்கம் நேத்து சாயங்காலம் மலை சரிஞ்சு கெடக்கு. மூணு நாள் ஆகும்னு பங்க்ல சொன்னாங்க. இனி முன்னாடிதான் வழி. லோசர், குன்சும் கணவாய், சந்திரதால் ஏரி. ஏரிக்கரையில மூணு நாள் இருப்போம். அங்க நிஜமாவே டவர் கிடையாது." லேசாகச் சிரித்தார். "வியாழக்கிழமை ஆனதும் நிதானமா மணாலி, டில்லி. நீ அழுது முடிக்கவும் சரியா இருக்கும்."

ஏரிக்கரையில் மூன்று நாள் என்பது ஏன் என்று இப்போதுதான் புரிந்தது. அந்த இடத்தின் படத்தைக் காட்டி, 'உனக்காகவே தேடிக் கண்டுபிடிச்சேன்' என்று அவர் சொன்ன அன்று அவள் வெட்கப்பட்டிருந்தாள்.

வண்டி கிளம்பியது.

லோசருக்கு இரண்டு மணி நேரம். அவள் அழவில்லை. புல் பூண்டு இல்லாத மலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. கீழே நதி நூலாகக் கிடந்தது. அவர் பாறைகளைக் காட்டி, இவையெல்லாம் ஒரு காலத்தில் கடலுக்கடியில் இருந்தவை என்று விளக்கிக்கொண்டு வந்தார். அவள் கேட்கிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். தலையாட்டினாள். திருப்தியாக மேலே சொன்னார்.

லோசர் கிராமத்தில் போலீஸ் சோதனைச் சாவடி. கணவாய்க்குப் போகிற வண்டியெல்லாம் அங்கே நோட்டுப் புத்தகத்தில் பதிவு செய்ய வேண்டும்.

"எஞ்சினை நிறுத்தலை," என்றார் இறங்கும்போது. நாக்கோவில் ஒருமுறை மக்கர் செய்ததிலிருந்து வழியில் எங்கும் நிறுத்துவதில்லை. "ரெண்டு நிமிஷம். ஜன்னலை ஏத்திக்க, காத்து."

பர்ஸையும் போனையும் வண்டிக் காகிதங்கள் இருந்த உறையையும் எடுத்துக்கொண்டு போனார். முதுகு வளையாமல், ரிட்டையரான அதிகாரி நடக்கிற நடை.

அபிராமி ஜன்னலை ஏற்றினாள். கியர் கம்பியைத் தாண்டி டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தாள். பட்டாபியை அவனுடைய பயிற்சி வகுப்புக்கு இருபது வருஷம் மாருதியில் கூட்டிப்போன கை. இந்த வண்டியையும் யமுனைக் கரை ரோட்டில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர்தான் கற்றுக் கொடுத்திருந்தார். ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள். கிளட்ச் கனமாக இருந்தது.

தடுப்புக் கம்பு ஒரு டாக்ஸிக்காகத் தூக்கியிருந்தது. அதன் பின்னாலேயே போய்விட்டாள்.

கண்ணாடியில் அவர் தெரிந்தார். கையில் பேனாவோடு நிமிர்ந்தார். ஓடி வரவில்லை. ஆட்டோவை நிறுத்துகிறவர்போல ஒரு கையை உயர்த்தினார், அவ்வளவுதான். அவள் நிறுத்திவிடுவாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. வளைவு வந்து அவரை மறைக்கிறவரை அந்தக் கை இறங்கவில்லை.

* * *

குன்சும் கணவாய் ஏறுவதற்குள் அவளுக்குக் கை மரத்துவிட்டது. ஒரு கொண்டையூசி வளைவில் பின்சக்கரம் விளிம்பில் கல்லை உருட்டிவிட்டது. அந்தக் கல் விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்துக் கேட்டது. உச்சியில் பிரார்த்தனைக் கொடிகள் படபடத்தன. வருகிற வண்டிகள் எல்லாம் அங்கே உள்ள கோயிலை ஒருமுறை சுற்றிவிட்டுப் போகும். அவள் சுற்றவில்லை. மூச்சு வாங்குவதற்காக ஓரமாக நிறுத்தினாள்.

அப்போதுதான் டேஷ்போர்டில் அவருடைய மாத்திரை டப்பா கண்ணில் பட்டது.

மத்தியான மாத்திரை போடவில்லை. ரத்தம் உறையாமல் இருக்கப் போடுவது, ஒரு வேளைகூட விடக்கூடாது என்று டாக்டர் அவளிடந்தான் சொல்லியிருந்தார். அவரிடம் சொன்னால் மறந்துவிடுவாராம்.

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். தூக்கி எறிந்தால் பள்ளத்தாக்குக்குள் போய்விடும். யாருக்கும் தெரியாது. 'கேக்காம எடுத்துக்கிட்டேன்' என்று அவர் சொன்ன குரல் காதில் இருந்தது. ஒரு நிமிஷம், நிஜமாகவே ஒரு முழு நிமிஷம், அவர் லோசர் மண்ணில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதை அவள் கண்முன் ஓடவிட்டுப் பார்த்தாள். அது அவளுக்கு நன்றாக இருந்தது.

எதிரே மணாலியிலிருந்து ஒரு டாக்ஸி ஏறி வந்தது. கையைக் காட்டி நிறுத்தினாள். டப்பாவையும், அவருடைய கம்பளிக் கோட்டையும் டிரைவரிடம் கொடுத்து, லோசர் சாவடியில் நிற்கிற சாஹிபிடம் சேர்க்கச் சொன்னாள்.

"சாப்பிட்டுட்டுப் போடச் சொல்லுங்க," என்று இந்தியில் சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னதற்காகத் தன்மேலேயே ஆத்திரப்பட்டாள்.

மறுபுறம் இறக்கம். ரோடு என்று பெயருக்குத்தான். பாறாங்கற்களும், குறுக்கே பாய்கிற ஓடைகளும். உள்ளே பாத்திரங்கள் உருண்டு உடைந்தன. ஆரிப் பார்த்துப் பார்த்துப் பொருத்திய அலமாரிக் கதவு ஒன்று கழன்று ஆடியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பாத்தல் என்கிற இடத்தில், சந்திரா நதிக்கரையில், ஒரு கல் டாபா. அதன் முன்னால் வண்டியை நிறுத்தி இறங்கினாள். டாபாக்காரி வந்து தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். பருப்பும் சோறும் கொடுத்தாள். அபிராமி சாப்பிட்டாள். பிறகு சாவிக்கொத்தில் சின்னச் சாவியைத் தேடி டூல் பாக்ஸைத் திறந்து தன் போனை எடுத்தாள். அதை முடுக்கியபோது திரையில் பட்டாபி சிரித்தான். டவர் இல்லை.

இன்னும் ஐம்பது கிலோமீட்டர் தாண்டி கோக்சார். அங்கே டவர் உண்டு, நல்ல ரோடு உண்டு. ஆனால் இந்தக் கற்களின் மேல் இன்னும் அத்தனை தூரம் ஓட்ட அவளால் இப்போதைக்கு முடியாது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்போது குன்சும் பக்கமிருந்து ஒரு லாரி இறங்கி வந்து பிரேக் போட்டது. குதித்து இறங்கியவன் குழந்தைசாமி.

"அம்மா! நீங்கதானா அது?" மூச்சு வாங்கினான். "லோசர்ல சாரைப் பாத்தேன். தமிழ்ல பேசினாரு. ஒரு லேடி வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"எப்படி இருக்கார்? மாத்திரை வந்துதா?"

"வந்துச்சும்மா. டாக்ஸிக்காரன் குடுத்தான். கோட்டைப் போட்டுக்கிட்டாரு, மாத்திரையப் போட்டுக்கிட்டாரு, தண்ணி குடிச்சாரு." அவன் தயங்கினான். "அதுக்கப்புறம் ஒக்காந்து எழுதிக் குடுத்தாரும்மா."

"என்ன எழுதினார்?"

"சாவடியில கம்ப்ளெயிண்டு. சம்சாரத்துக்குக் கொஞ்ச நாளா மனநிலை சரியில்ல. பரம்பரையா வர்றது, தம்பியும் அப்படித்தான், ரேவாரில சேத்திருக்கோம். இவங்க வண்டிய ஓட்டுறது இவங்களுக்கும் ஆபத்து, எதிர்ல வர்றவனுக்கும் ஆபத்து. கோக்சார்ல நிறுத்தி வெச்சு, தான் வர்ற வரைக்கும் வெளிய விடக்கூடாதுன்னு. ஒயர்லெஸ்ல சொல்லிட்டாங்கம்மா. வண்டி நம்பரோட."

பட்டாபிக்கு இது எப்படி வந்தது, டாக்டர்கள் என்ன சொன்னார்கள், எல்லாம் அவருக்குத் தெரியும். பரம்பரை இல்லை என்பதும் தெரியும். அதே கையால் மாத்திரையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, அதே தண்ணீர் தொண்டையில் இறங்குவதற்குள், அதே பேனாவை எடுத்திருக்கிறார்.

"உண்மையச் சொல்லுங்கம்மா. என்ன நடந்துச்சு?"

சொன்னாள். நாலைந்து வாக்கியந்தான். குழந்தைசாமி தலையில் இருந்த குல்லாயைக் கழற்றிக் கையில் கசக்கினான்.

"வண்டிய ஓட்டிக்கிட்டுப் போனா கோக்சார்ல நிறுத்திருவாங்க. லேடி போலீசு வரணும், டாக்டர் வரணும், சார் வரணும்... வியாழக்கெழம போயிரும்மா. அவர் ஒரு டாக்ஸி புடிச்சு வந்துக்கிட்டே இருப்பாரு." பிறகு குரலைத் தாழ்த்தினான். "லாரில வெளியாள ஏத்தக்கூடாது. தெரிஞ்சா என் வேலைக்கு ஒல வெச்சிருவாங்க. ஆனா முன்னாடி ஒரு சீட்டு காலியா இருக்கு."

அபிராமி எழுந்தாள். வண்டிக்குள் ஏறி ஒரு சால்வையும் கைப்பையும் எடுத்துக்கொண்டாள். கட்டில், அடுப்பு, உடைந்த பாத்திரங்கள், ஆடுகிற கதவு. எட்டு மாதம் ஒவ்வொரு ஞாயிறும் அவர் கரோல் பாக் போய் உட்கார்ந்து கட்டிய வீடு. இதைக் கட்டும்போதே எல்லாவற்றையும் திட்டமிட்டிருப்பார். எந்த ஆணி அடிக்கும்போது எந்தக் காகிதத்தை யோசித்தாரோ.

கதவைப் பூட்டினாள். நதிக்கரை வரை நடந்தாள். சந்திரா நதி பால் கலந்தாற்போன்ற நிறத்தில் இரைந்துகொண்டு ஓடியது. சாவிக்கொத்தை ஒருமுறை கையில் எடை பார்த்தாள். பிறகு முழு பலத்தோடு நடுவெள்ளத்தில் எறிந்தாள்.

டாபாக்காரி பதறிக்கொண்டு ஓடி வந்தாள். "அரே! யே க்யா கியா? பாகல் ஹோ க்யா?"

பைத்தியமா உனக்கு என்று கேட்டவளை அபிராமி நிமிர்ந்து பார்த்தாள். காலையிலிருந்து வராத கண்ணீர் இப்போது வந்துவிடும் போலிருந்தது. வரவில்லை.

"ஹாம்," என்றாள். "லிக் கே தே தியா ஹை."

ஆமாம். எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

லாரியின் படி உயரமாக இருந்தது. குழந்தைசாமி கை கொடுத்தான். அவள் அதைப் பிடிக்காமல் கம்பியைப் பற்றி ஏறி, கதவை இழுத்துச் சாத்தினாள்.